ஆறு பட்டைப் பென்சிலில் ஒரு வரி

இனாமாகக் கிடைத்த பென்சிலை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பென்சிலுக்கே அந்த மரியாதை இல்லை. பெருநாள் உடுப்பு வாங்கிய பைக்குள் புடைவைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்த பென்சிலுக்கு எங்கே கிடைக்கப்போகிறது? சீவுகிறோம், எழுதுகிறோம், கடைசித் துண்டைச் சன்னலால் எறிந்துவிடுகிறோம். நான் அவற்றைச் சேர்த்து வைக்கிறவன். கல்முனையில் இதைச் சொன்னால், "இதுல என்ன காக்கா இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்கிறவருக்கு ஒரு பிளேன்டியும், கையில் பிடிக்க ஒரு பென்சிலும் கொடுத்துவிட்டுத்தான் பதிலைத் தொடங்குவேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

பென்சிலை மெல்ல உருட்டிப் பாருங்கள். அறுபட்டைப் பென்சிலின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். நீளம் 17 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு பட்டையின் அகலம் 4 மில்லிமீற்றர்தான். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரருக்குக் கிடைக்கும் இடம் அந்தக் கீற்று மட்டுமே. அதிலும் முனைப்பக்கத்தைச் சீவ வேண்டும், அடிப்பக்கத்தில் இறப்பரும் அதைப் பிடிக்கும் உலோகப் பூணும் இருந்தால் அவற்றுக்கும் இடம் விட வேண்டும். எல்லாம் போக மிஞ்சுவது ஒரு வரி.

அந்த ஒரு வரியில் எதை வைப்பது, எதை விடுவது என்று கடைக்காரர் எடுத்த முடிவைத்தான் நான் சேர்க்கிறேன். பெயரை விட முடியாது. ஊரை விடலாமா? உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் விற்பவர் விட்டுவிடுவார், வெளியூர் வாடிக்கையை எதிர்பார்ப்பவர் விடமாட்டார். என்ன வியாபாரம் என்று சொல்ல வேண்டுமா? நகைக்கடைக்காரர் கட்டாயம் சொல்வார். பல சாமான் விற்கும் கடைக்காரர் சொல்லத் தொடங்கினால் வரி போதாது. ரெலிபோன் இல்லாத காலத்துக் கடை, பிரதான வீதி என்றோ பஸ் நிலையத்துக்கு அருகில் என்றோ எழுதும். நம் பகுதிப் பில்லுக் கொப்பிகளின் தலையில் 786 என்ற இலக்கம் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பென்சிலில் அதை நான் கண்டது மிகக் குறைவு. பென்சில் மேசையிலிருந்து உருண்டு காலடியில் விழும், பிள்ளைகள் அதைக் கடிப்பார்கள், கடைசியில் குப்பைக்குப் போகும். அல்லாஹ்வின் பெயரைக் குறிக்கும் ஒன்று அங்கே போகக் கூடாது என்ற பேணுதல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுத்து எப்படிப் பதிகிறது என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். பெயர் போடாத பென்சில்கள் கிறோஸ் கணக்கில் வரும். ஒரு கிறோஸ் என்றால் 144. கடைக்காரர் கேட்ட வரியை உலோக அச்சாகக் கோத்துச் சூடாக்குவார்கள். பென்சிலுக்கும் அச்சுக்கும் நடுவில் தங்க நிறமோ வெள்ளி நிறமோ பூசிய மெல்லிய நாடா ஓடும். சூடான அச்சு அழுத்தும்போது நாடாவின் நிறம் பென்சிலில் ஒட்டிக்கொள்ளும், எழுத்தின் உருவம் பூச்சுக்குள் சற்றுப் பதிந்தும் போகும். புத்தகம் கட்டுகிறவர்கள் தோல் அட்டையில் பொன்னெழுத்துப் போடுவதும் இதே முறையில்தான். நிறம் முழுக்கத் தேய்ந்துபோன பழைய பென்சிலையும் வாசிக்க முடிவது இதனால்தான். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் பள்ளமாக எழுத்து தெரியும். இரவில் ரோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இங்கே தமிழுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். மேலே ஏறுவதும் இல்லை, கீழே தொங்குவதும் இல்லை. 4 மில்லிமீற்றர் கீற்றில் விளிம்பு விட்டு முழு அளவுக்கு நிமிர்ந்து நிற்கும். தமிழுக்கு மேலும் இடம் வேண்டும், கீழும் இடம் வேண்டும். 'கீ' மேலே சுழிக்கிறது, 'பூ' கீழே இறங்குகிறது, மெய்யெழுத்துக்குத் தலையில் புள்ளி இருக்கிறது. 'ஸ்டோர்ஸ்' என்று எழுதினாலே மூன்று புள்ளிகள். மேலும் கீழும் இடம் விட்டால் எழுத்தின் உடல் பாதியாகச் சுருங்கும். சுருங்கிய எழுத்தில் சூட்டு அச்சு அழுத்தும்போது புள்ளி எழுத்தோடு ஒட்டி ஒரு கறையாகிவிடும். வாடிக்கையாளர் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்களாக இருந்தும் எத்தனையோ கடைகள் ஆங்கிலத்தில் மட்டும் பெயர் போட்டதற்கு நாகரிக மோகத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. பட்டையின் அகலமும் ஒரு காரணம். உருளைப் பென்சிலில் பட்டைத் தடை இல்லாததால் தமிழ் அங்கே வசதியாக உட்காரும். அறுபட்டையில் தெளிவாகத் தமிழ் பதித்த பென்சிலைக் கண்டால் அதைச் செய்வித்தவர் மேல் எனக்குத் தனி மதிப்பு வந்துவிடும். கூடுதல் பொறுமை இல்லாமல் அது நடக்காது.

வரி எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். பென்சில் ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே போகும் பொருள். முனைப்பக்கம் எந்தச் சொல் இருக்கிறதோ அது முதலில் போய்விடும். இதை மறந்ததால் நேர்ந்த ஒரு சம்பவம் பென்சில் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1998-இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் எதிர்ப்புப் பென்சில்கள் கொடுத்தார்கள். போதைப்பொருள் பாவிக்காத அளவுக்கு நான் கெட்டிக்காரன் என்ற பொருளில் ஆங்கில வாசகம். முதல் சொல் சீவப்பட்டதும் போதைப்பொருள் பாவிப்பது கெட்டித்தனம் என்று அர்த்தம் மாறியது. இன்னும் சீவினால், பாவியுங்கள் என்ற கட்டளை மட்டும் மிஞ்சியது. நியூயோர்க் மாநிலத்தின் டிகொண்டெரோகா என்ற ஊரில் ஒரு பள்ளிப் பிள்ளைதான் இதைக் கண்டுபிடித்தது. பென்சில்களைத் திரும்பப் பெற்று, எழுத்தின் திசையை மாற்றி அச்சடித்தார்கள். விளம்பரப் பென்சிலுக்கு நான் சொல்லும் முதல் இலக்கணம் இதுதான்: வாழ்த்தும் சுலோகமும் முனைப்பக்கம், கடையின் பெயர் அடிப்பக்கம். அப்படிச் செய்த கடையின் பெயர் கடைசித் துண்டு வரைக்கும் பிள்ளையின் விரலுக்குள் இருக்கும்.

பென்சிலில் பெயர் போடும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் தொடங்கவில்லை, பென்சில் செய்தவர்கள் தொடங்கினார்கள். ஜெர்மனியில் நூரன்பேர்க் நகருக்குப் பக்கத்தில் ஸ்டைன் என்ற ஊரில் 1761-இல் தொடங்கிய ஃபாபர் குடும்பத்துத் தொழிலை, 1839-இல் லோதர் ஃபாபர் பொறுப்பேற்றார். ஊர் பெயர் தெரியாமல் சந்தையில் குவியும் மலிவுப் பொருளாக இருந்த பென்சிலில் அவர் ஏ.டபிள்யூ. ஃபாபர் என்று பொறித்தார். மென்மை, கடினம் என்று தரம் பிரித்தார். பெயருக்கு மதிப்பு வந்ததும் போலிகளும் வந்தன. 1874-இல் ஜெர்மன் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார், அடுத்த ஆண்டு வணிகச் சின்னத்தைப் பாதுகாக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. அறுபட்டை வடிவம் பரவியதிலும் அவருடைய கம்பனிக்குப் பெரிய பங்கு உண்டு. அறுபட்டை உருளாது என்பது நமக்குத் தெரிந்த நன்மை. தொழிற்சாலைக்கு இன்னொரு நன்மை இருந்தது. எட்டு உருளைப் பென்சில் செய்யும் மரத்தில் ஒன்பது அறுபட்டைப் பென்சில் செய்யலாம்.

மஞ்சள் நிறத்தின் கதை நம் பக்கத்து நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1890-ஐ ஒட்டி ஆஸ்திரியாவின் ஹார்ட்முத் கம்பனி உயர்ந்த விலைப் பென்சில் ஒன்றை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர் கோஹினூர். கோல்கொண்டாச் சுரங்கப் பக்கத்திலிருந்து கிளம்பிப் பல அரசர் கைமாறி, 1849-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன அதே வைரத்தின் பெயர். பல தடவை மஞ்சள் பூச்சுப் பூசி மெருகேற்றிய அந்தப் பென்சில் உயர்தரத்தின் அடையாளமாகிவிட, மற்றவர்களும் மஞ்சளுக்கு மாறினார்கள். இன்று எந்தக் குழந்தையிடம் பென்சில் கீறச் சொன்னாலும் மஞ்சள் நிறம்தான் அடிக்கும். ஒரு கம்பனியின் ஒரு விளம்பர முடிவு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கடைக்காரர் பெயர் போட்ட இனாம் பென்சில் பெருந்தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். தென்னசி மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரில் 1916-இல் தொடங்கிய மஸ்கிரேவ் கம்பனி, விவசாயிகளின் பழைய செவ்வகில் மர வேலிகளை வாங்கிக்கொண்டு பதிலுக்குப் புதுக் கம்பி வேலி போட்டுக் கொடுத்தது என்று அதன் வரலாறு சொல்கிறது. வேலிக் கட்டையே பென்சில் பலகையாயிற்று. விதை வியாபாரிகளும் மாட்டு வியாபாரிகளும் வெடித்தோட்டா வடிவ உலோக மூடி போட்ட குட்டைப் பென்சிலில் பெயர் பொறித்து விவசாயிகளின் சட்டைப் பைக்குள் போட்டார்கள். அங்கே இவற்றைச் சேர்ப்பவர்களுக்குச் சங்கமே இருக்கிறது. ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரின் 69,255 பென்சில்களைக் கின்னஸ் சாதனையாகப் பதிந்திருக்கிறார்கள், அவற்றில் பெரும்பாலானவை பழைய விளம்பரப் பென்சில்கள். அவ்வளவு சேர்க்கும் ஆசை எனக்கு இல்லை. எனக்கு வேண்டியது பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரம் மட்டும்.

இப்போது பென்சிலின் நெஞ்சுக்கு வருவோம். உள்ளே இருப்பது ஈயம் அல்ல, கிரபைட் எனும் காரீயம். கரிமத்தின் ஒரு வடிவம். 1560-கள் அளவில் இங்கிலாந்தின் பொரோடேல் மலைப் பகுதியில் கட்டியாகக் கிடைத்த காரீயத்தைக் குச்சியாக அறுத்து எழுதத் தொடங்கினார்கள். 1793-இல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் யுத்தம் மூண்டதும் பிரான்சுக்கு அந்தக் காரீயம் வருவது நின்றது. நிக்கொலா ஜாக் கோன்டே என்பவர் காரீயத் தூளையும் களிமண்ணையும் குழைத்துச் சூளையில் சுட்டுக் குச்சியாக்கும் வழியைக் கண்டு, 1795-இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் அந்த முறைதான். குழைத்த மாவை இடியப்ப உரலில் பிழிவதுபோலச் சின்னத் துளை வழியாகப் பிழிந்து, காயவைத்து, சுட்டு, மெழுகில் ஊறவைப்பார்கள். களிமண் கூடினால் கடினம், காரீயம் கூடினால் கறுப்பு. பள்ளவாரி வெட்டிய பலகையில் குச்சிகளை வரிசையாக வைத்து, மேலே இன்னொரு பலகையை ஒட்டி, பிறகு ஒவ்வொன்றாகப் பிளந்தெடுப்பார்கள். பென்சிலின் அடியை உற்றுப் பார்த்தால் இரண்டு பலகை சேர்ந்த கோடு தெரியும்.

அந்தக் காரீயம் நம் நாட்டு மண்ணில் நரம்பு நரம்பாக ஓடுகிறது. கேகாலைப் பக்கம் பொகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ. தரைக்குக் கீழே பல நூறு மீற்றர் இறங்கிப் பாறை இடுக்கிலிருந்து கட்டியாகப் பெயர்த்தெடுக்கும் நரம்புக் காரீயத்தை உலகச் சந்தைக்கு அனுப்பும் நாடு இலங்கை ஒன்றுதான். நல்ல கட்டியில் 95 வீதத்துக்கு மேல் கரிமம் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி பென்சிலுக்காகப் போகவில்லை. பொன் உருக்கும் பத்தர் வைத்திருக்கும் மூசையைப் பார்த்திருப்பீர்கள். பெருந்தீயிலும் வெடிக்காத பெரிய மூசைகள் செய்யக் காரீயம் வேண்டும். உருக்கும் பித்தளையும் வார்க்கும் ஆலைகளுக்கு அந்த மூசைகள் வேண்டும். அமெரிக்காவின் டிக்சன் கம்பனி அந்த மூசைகளுக்கு இலங்கைக் காரீயத்தை வாங்கியது. டிக்சன் என்ற பெயர் பென்சில்காரருக்குத் தெரிந்த பெயர்தான், டிகொண்டெரோகா என்ற பென்சிலும் அவர்களுடையதே. முதலாம் உலக யுத்தத்தில் குண்டுக்கும் துப்பாக்கிக்கும் உலோகம் உருக்க வேண்டியிருந்ததால் 1916-இல் இலங்கையிலிருந்து ஏறத்தாழ 33,000 தொன் காரீயம் ஏற்றுமதியானது. யுத்தம் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்கார் காரீயமும் போட்டிக்கு வந்தது. அந்த உச்சத்தை இலங்கை மறுபடி காணவில்லை.

சுரங்கக்காரர் பணக்காரரானார்கள். டொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயத்தில் சம்பாதித்தவர். அவருடைய மகன்தான் டி.எஸ். சேனநாயக்க. சுதந்திர இலங்கையின் முதல் மூன்று பிரதமர்களான டி.எஸ்., டட்லி, ஜோன் கொத்தலாவல மூவரும் காரீயச் செல்வம் கண்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டி.எஸ். பிரதமராக இருந்தபோது 1949-இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டி மறித்த நீர்த்தேக்கத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர். பட்டிப்பளை ஆற்றின் அந்தத் தண்ணீர்தான் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கு வருகிறது. கல்லோயாத் திட்டத்தோடு வந்த காணிப் பிரச்சினைகள் பெரிய கதை, அதை இன்னொரு நாள் பேச வேண்டும். காரீயம் எங்கோ கேகாலை மலையில் கிடக்கும் சமாச்சாரம் என்று நம் வயல்காரர் யாராவது நினைத்தால், வாய்க்கால் தண்ணீர் வரைக்கும் அதன் தொடர்பு நீள்கிறது என்று சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

இவ்வளவு காரீயம் தோண்டிய நாடு பென்சிலை நெடுங்காலம் வெளியிலிருந்துதான் வாங்கியது. கட்டியாகக் கப்பலேறும் பொருள், செய்துமுடித்த பண்டமாக வேறு நாட்டுப் பெயரோடு திரும்பி வரும். 1959-இல் சிலோன் பென்சில் கம்பனி தொடங்கியது. அட்லஸ் என்றால் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சின்னம் அங்கே பிறந்ததுதான். அதற்கு முந்தின ஆண்டு இந்தியாவில் இந்துஸ்தான் பென்சில்ஸ் தொடங்கியிருந்தது. சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட நடராஜ் பென்சில் அவர்களுடையது. 1970-கள் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காலம். அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களைக் கேளுங்கள், பென்சில் துண்டைப் பேனை மூடிக்குள் செருகி எழுதியதைச் சொல்வார்கள். 1977-க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டதும் வெளிநாட்டுப் பென்சில்கள் கடைகளை நிறைத்தன. பெயர் போட்டுக் கொடுப்பதும் மலிவாயிற்று. சின்னக் கடைகளின் பென்சில்கள் பெருகியது அதன் பிறகுதான் என்பது என் சேர்ப்பைப் பார்த்து நான் வந்த முடிவு.

ஒரு பென்சில் எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது? ஆண்டு போட்ட விளம்பரப் பென்சில் அபூர்வம். நாட்காட்டி என்றால் ஆண்டோடு செத்துவிடும் என்று கடைக்காரருக்குத் தெரியும், பென்சிலில் அந்தத் தப்பைச் செய்யமாட்டார். ஆகவே வரியைத் துருவ வேண்டும். நாட்டின் பெயர் சிலோன் என்றிருந்தால் 1972 மே 22-க்கு முந்தியதாக இருக்கலாம். கம்பனிப் பெயர்களில் மட்டும் அந்தச் சொல் பிறகும் தொடர்ந்தது, அதனால் முகவரியில் வருகிறதா, பெயரில் வருகிறதா என்று பாருங்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961-இல். அதற்கு முன்பு கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது. பழைய முகவரிகளில் மாவட்டம் போடாமல் கிழக்கு மாகாணம் என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் இருக்கும்.

ரெலிபோன் இலக்கம் எல்லாவற்றிலும் நல்ல சாட்சி. இலக்கம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு பழசு. 067 என்ற கல்முனைக் குறியீட்டோடு ஏழு இலக்கம் இருந்தால் கிட்டிய காலத்தது. 077 என்றோ 071 என்றோ தொடங்கினால் கைத்தொலைபேசிக் காலம், 1990-களுக்கு முன்னால் போகவே முடியாது. ஒரே கடையின் இரண்டு பென்சில்கள் கிடைத்து, ஒன்றில் இலக்கம் இல்லாமலும் மற்றதில் மூன்று இலக்கத்தோடும் இருந்தால், அந்தக் கடைக்கு ரெலிபோன் வந்த சங்கதி உங்கள் கையில் இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அது இருக்காது.

பூணும் மரமும்கூடப் பேசும். பூணின் உலோகம் பித்தளையா அலுமினியமா என்று பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பித்தளை ஆயுதத்துக்குத் தேவைப்பட்டதால் அமெரிக்கப் பென்சில்களில் பூண் பிளாஸ்ரிக்காகவும் காகித அட்டையாகவும் மாறியது. மரத்தை மணந்து பாருங்கள். செவ்வகிலின் வாசம் பல பத்தாண்டு போனாலும் சீவியதும் எழும். மலிவு மரத்துக்கு அந்த வாசம் இல்லை. நிறம் மாறும் ஒரு வகைப் பென்சிலும் பழைய மேசை லாச்சிகளில் கிடைக்கும். நாவில் நனைத்து எழுதினால் ஊதாவாகும் கொப்பிப் பென்சில். 1870-களில் சாயத்தைக் காரீயத்தோடு கலந்து செய்தது. அழித்தால் போகாது என்பதால் கந்தோர்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் பாவித்தார்கள். இத்தாலியில் வாக்குச் சீட்டில் அடையாளமிட இன்றும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதைக் கண்டால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தச் சாயம் கண்ணில் பட்டால் ஆபத்து.

கரையோரத்தை மட்டும் ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். 1978 நவம்பரில் சூறாவளி இந்தக் கரையைப் புரட்டியது. பிறகு கலவரங்களும் யுத்தமும். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள், இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இழப்பு இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் என்று கடலோரத்தில் வீடு வீடாகப் போனது. ஆட்கள் போன துக்கத்துக்கு முன்னால் பொருளைப் பற்றிப் பேச நாக்கு எழாது. ஆனாலும் இருபது வருடம் கழித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: படங்கள் போயின, கல்யாண அழைப்பிதழ்கள் போயின, உறுதிகள் போயின, கடைகளின் பில்லுக் கொப்பிகள் போயின. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் யாருடைய தையல் கடை இருந்தது, யாருடைய புத்தகக் கடை இருந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி மிகக் குறைவு. கடலுக்கு எட்டாத உள்வீதி வீட்டில், அல்லது சம்மாந்துறைக்குக் கல்யாணம் கட்டிப் போன மகளின் பழைய பள்ளிப் பெட்டியில், அந்தக் கடை கொடுத்த பென்சில் ஒன்று கிடக்கலாம். இனாமாகக் கொடுத்ததால் அது ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பரவியதால் பிழைத்திருக்கிறது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சீவாத புதுப் பென்சிலுக்குத்தான் விலை கொடுப்பார்கள். எனக்கு அந்தக் கொள்கை சரியாகப் படவில்லை. சீவாத பென்சில் கடையைப் பற்றி மட்டும் சொல்லும். பாதி தேய்ந்து, பல் பதிந்து, அடியில் பிளேட்டால் சீவிய இடத்தில் பிள்ளையின் பெயரின் முதலெழுத்து எழுதிய பென்சில், கடையையும் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லும். என் பெட்டியில் இரண்டு விரல் நீளத் துண்டுகளுக்குத் தனித் தட்டு இருக்கிறது. எழுத்தில் பாதி போனதையும் விடமாட்டேன். மீதி எழுத்தை வைத்து மூத்தவர்களிடம் கேட்டால், "அது இன்னாருடைய கடை மகன், பள்ளிவாசலுக்குப் பின்னால இருந்திச்சு" என்று யாராவது ஒருவர் நிரப்பிவிடுவார். அப்படி நிரப்பக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். என் அவசரம் அதனால்தான்.

வைத்திருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நம் உப்புக்காற்றுக்கு முதலில் பலியாவது பூண், பிறகு இறப்பர். இறப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், வெயில் காலத்தில் உருகிப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலால் தளர்வாகக் கட்டலாம். மூடி இறுக்கமான பேணியோ கண்ணாடிப் போத்தலோ நல்லது, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வருவதை எறியாமல் வைத்தால் போதும். அலுமாரியின் அடித்தட்டில் வைத்தால் கறையான் வரும். துடைப்பதென்றால் காய்ந்த மென்துணி மட்டும். ஸ்பிரிட் பட்டால் பொன்னெழுத்து அப்படியே வழிந்துவிடும். பெயர் தெரிகிறதென்று படம் எடுப்பதோடு நிறுத்தாமல், யாரிடமிருந்து வந்தது, எந்த வீதிக் கடை, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதைச் சின்னச் சீட்டில் எழுதிப் பென்சிலோடு வையுங்கள். சீட்டு இல்லாத பென்சில் சில வருடத்தில் ஊமையாகிவிடும்.

கல்முனை ஸாஹிராவிலும் மற்றப் பழைய பள்ளிகளிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: வீட்டு லாச்சியைக் கிளறி, பெயர் பொறித்த பென்சில் இருந்தால் அந்த வரியை எழுத்துக்கு எழுத்து மாறாமல் கொப்பியில் எழுதி, மூத்தம்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ அந்தக் கடையைப் பற்றிக் கேட்டு நாலு வரி சேர்க்கட்டும். ஒரு வகுப்புச் செய்தாலே ஒரு வீதியின் பழைய கடைவரிசை கிடைத்துவிடும். இதை வாசிக்கும் நீங்களும் அடுத்த முறை வீடு கூட்டும்போது பென்சில் துண்டு அகப்பட்டால் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் எறியாதீர்கள். வைத்திருக்க இடமில்லையென்றால் உங்கள் ஊர் நூலகரிடம் சீட்டோடு கொடுங்கள், வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.